கடலடியில் கிணறு, கரையில் கண்ணீர்

நோன்பு காலத்தில் கடற்பாசி காய்ச்சாத முஸ்லிம் வீடு நம் நாட்டில் குறைவு. கஞ்சிக்கும் ஈத்தம்பழத்துக்கும் பக்கத்தில் கடற்பாசித் துண்டுகளும் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு நோன்பு திறந்த திருப்தி. ஆனால் பாசியைக் கடலில் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் உலகில் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்தோனேசியாவின் தென்கோடியில் ரோட்டே என்றொரு தீவு. அங்கு விளைவது நாம் காய்ச்சும் பாசியல்ல, அதற்கு உறவான இன்னொரு வகை. ஐஸ்கிறீமையும் பற்பசையையும் திரளச் செய்யும் பொருள் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பாசித் துண்டுகளைக் கயிற்றில் முடிந்து, வெற்றுப் போத்தல்களைக் கட்டிக் கடலில் மிதக்கவிடுவார்கள். ஆறு, ஏழு வாரங்களில் அறுவடை. முடிவதிலும் காய வைப்பதிலும் பெண்களின் கை அதிகம். அந்த வருமானத்தில்தான் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

2009 செப்டெம்பரில் ஒருநாள் கடலில் எண்ணெய்ப் படலம் மிதந்து வந்தது. சில நாட்களில் பாசி வெளுத்துக் கயிற்றிலிருந்து உதிர்ந்தது. மீண்டும் நட்டபோதும் முன்போல் வளரவில்லை. என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

நடந்தது இதுதான். ஏறக்குறைய 250 கிலோமீற்றருக்கு அப்பால், அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கடற்பரப்பில், மொன்டாரா என்ற எண்ணெய்க் கிணறு 2009 ஓகஸ்ட் 21ஆம் திகதி வெடித்துக் கசியத் தொடங்கியிருந்தது. அதைத் தோண்டியது தாய்லாந்து அரசின் எண்ணெய்க் கம்பனியின் கிளை நிறுவனம். மேடையில் இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கசிவு நிற்க 74 நாட்கள் சென்றன. பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, ஐந்தாவது முயற்சியில்தான் அடைக்க முடிந்தது.

காரணம் என்ன? புயலா, பூகம்பமா? இரண்டுமில்லை. தற்காலிகமாக மூடிவைத்த கிணற்றின் அடியில் இட்ட சிமெந்து சரியாக அமையவில்லை. அதை முறைப்படி சோதிக்கவுமில்லை. போட வேண்டிய இரண்டு அமுக்க மூடிகளில் ஒன்றுதான் போடப்பட்டிருந்தது. அவுஸ்திரேலிய அரசு நியமித்த விசாரணைக்குழு கண்டறிந்தது இதைத்தான். அடுப்பில் காஸ் சிலிண்டர் மாற்றும்போது நாம் காட்டும் கவனம்கூட அங்கு இருக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

மிதக்கும் எண்ணெயைக் கரைக்க மருந்து தெளித்தார்கள். இதன் சங்கதி நம் சமையலறையில் தெரிந்ததுதான். எண்ணெய்ச் சட்டியில் சவர்க்காரத்தை விட்டால் மேலே மிதந்த எண்ணெய் மறைந்துவிடும். எங்கே போனது? துளித்துளியாகத் தண்ணீரில்தான் கலந்திருக்கிறது. கடலிலும் அப்படியே. பறவைகளுக்கும் கரைக்கும் வரும் கேடு குறையலாம்; நீருக்குள் வாழும் மீன்குஞ்சுகளும் பாசியும் அந்தக் கலவையில்தான் கிடக்க வேண்டும்.

எண்ணெய் இந்தோனேசியக் கரையைத் தொடவே இல்லை என்று கம்பனி சாதித்தது. கரையோரத்தில் உரிய நேரத்தில் நீரை அள்ளிச் சோதித்தவர் யார்? ஏழைகளின் கண் கண்டதுதான் சாட்சி. 2016இல் ஒரு பாசி விவசாயி, 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் அவுஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 2019இல் சிட்னிக்கே போய்ச் சாட்சி சொன்னார். 2021 மார்ச்சில் நீதிபதி கிராமத்தவர்களின் பேச்சை நம்பித் தீர்ப்பளித்தார். 2022 நவம்பரில் கம்பனி 19 கோடியே 25 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தர இணங்கியது. பதின்மூன்று வருடங்கள்! அன்று பாடசாலையை விட்ட பிள்ளைக்கு அந்தப் படிப்பு இனித் திரும்புமா?

இந்தத் தீவில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். கிழக்குக் கரையில் பெப்பெலா என்ற முஸ்லிம் மீனவக் கிராமமும் உண்டு. வழக்கு பாசி விவசாயிகளுக்கானது மட்டுமே. மீனவருக்கு அதில் பங்கில்லை. கயிற்றில் கட்டிய பாசிக்குக் கணக்குக் காட்டலாம். வலைக்கு வராமல் போன மீனுக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது? அடியார்களின் ஹக்கு இப்படியும் போகிறது.

நம் மன்னார்ப் படுகையிலும் 2011இல் ஓர் இந்தியக் கம்பனி துளையிட்டு எரிவாயுவைக் கண்டது. பின்னர் அக்கம்பனி வெளியேறிவிட்டது. எரிவாயு இன்னும் எடுக்கப்படவில்லை. மொன்டாராவில் கடலின் ஆழம் 80 மீற்றருக்கும் குறைவு. மன்னாரில் எரிவாயு கண்ட இடத்தில் 1,300 மீற்றருக்கும் அதிகம். எரிவாயு, எண்ணெயைப் போல் கரையில் படியாது என்பது உண்மை. ஆனாலும் துளையிடும்போது வெளிவரும் சேறும் இரசாயனமும் உண்டு; எண்ணெயும் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. ஆழ்கடலில் கிணறு வெடித்தால் என்னவாகும் என்பதை 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் உலகம் கண்டது. அங்கு 11 பேர் இறந்தார்கள். கசிவை நிறுத்த 87 நாட்கள் ஆயின.

நாட்டுக்கு எரிபொருள் தேவைதான். வரிசையில் நின்ற 2022ஐ எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. ஆகவே தோண்டவே கூடாது என்று நான் வாதிக்க வரவில்லை. தோண்டுவதற்கு முன்னரே சிலாவத்துறை முதல் கற்பிட்டி வரை கரை நீரையும் மீன் வளத்தையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவின் ஒரு பிரதி அரச அலுவலகத்தில் மட்டுமன்றி மீனவர் சங்கங்களின் கையிலும் இருக்க வேண்டும். ரோட்டேயில் இல்லாமல் போனது அந்தக் காகிதம்தான்.