தொழுவத்தில் ஒரு படுக்கையறை

இத்தாலியில் டஸ்கனி வட்டாரத்தில் நான் தங்கிய விருந்தினர் இல்லம், ஒரு பழைய குடியானவர் வீடு. எனக்குத் தந்த கீழ்த்தளத்து அறை அந்நாளில் மாட்டுத் தொழுவம், சொன்னால் நம்புவீர்களா! மாடுகளின் உடற்சூடு மாடியில் இருந்தவர்களுக்குக் குளிர்காய உதவியது. வீடும் நிலமும் பண்ணையாருடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு. நம் ஊர் வாரம் போலத்தான். அங்கே 'மெட்ஸாத்ரியா' என்பார்கள்.

1950களில் குடும்பங்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குப் போயின. 1964இல் வந்த சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. ஆளில்லா வீடுகள் பாழடைந்தன. 1985ஆம் ஆண்டின் 730ஆம் எண் சட்டம், விவசாயி விருந்தினரையும் ஏற்கலாம், ஆனால் விவசாயமே முதன்மையாக இருக்கவேண்டும் என்றது. எனக்குப் பிடித்தது இந்த நிபந்தனைதான்.

முன்பு இங்கே உழுதவர்கள் எங்கே என்று கேட்டேன். பிராத்தோ நெசவாலைக்குப் போனவர்கள் திரும்பவில்லையாம்.