ஆள் நுழையாத சுரங்கம்: ஹைவால் மைனிங்கும் அதன் ஆபத்துகளும்

நிலக்கரி எடுக்க இரண்டு வழிகள் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒன்று, மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் அள்ளிப் போட்டுவிட்டு கரியை வெட்டுவது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு நடப்பது இதுதான். இன்னொன்று, பூமிக்குள் குழி இறக்கி, ஆட்களை உள்ளே அனுப்பி வெட்டுவது. இந்த ரெண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. வெளியே நின்றுகொண்டே, ஒரு பாறைச் சுவரின் அடியில் இயந்திரத்தை நுழைத்து, இருநூறு முந்நூறு மீட்டர் உள்ளே இருக்கும் கரியை இழுத்து வருவது. இதற்குப் பெயர் ஹைவால் மைனிங். தமிழில் 'உயர்சுவர்ச் சுரங்கம்' என்று சொல்லலாம்.

"ஆளே உள்ளே போறதில்லை, அப்புறம் என்ன ஆபத்து?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

எதற்காக இப்படி ஒரு முறை?

திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஒரு எல்லை உண்டு. கரி அடுக்கு பெரும்பாலும் சாய்வாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். இல்லையென்றால் அடுக்கு மட்டமாக இருக்கும், மேலே மலை உயர்ந்துகொண்டே போகும். எப்படியானாலும் ஒவ்வொரு மீட்டர் முன்னேறும்போதும் அகற்ற வேண்டிய பாறையின் கனம் கூடுகிறது. தொடக்கத்தில் ஒரு டன் கரிக்கு 3 கன மீட்டர் பாறை அகற்றினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அது 10 ஆகி, 15 ஆகும்போது கரி விற்ற காசு பாறை அள்ளிய கூலிக்கே சரியாகிவிடும். அங்கே வேலையை நிறுத்துவார்கள். சில இடங்களில் கணக்கு இடம் கொடுத்தாலும், எதிரே ஒரு கிராமமோ, சாலையோ, காட்டின் எல்லையோ வந்து நிற்கும்.

நிறுத்திய இடத்தில் செங்குத்தாக ஒரு பாறைச் சுவர் மிஞ்சும். அதுதான் ஹைவால். அதன் அடியில் கறுப்புக் கோடு போல கரி அடுக்கு தெரியும். கண்ணெதிரே கரி இருக்கிறது, மேலே இருப்பதை அகற்ற முடியாது. அந்தக் கரியை விட மனசு வராமல் பிறந்த தொழில்நுட்பம் இது.

பிறந்த இடம் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதி. மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி போன்ற மாநிலங்களில் மலையைச் சுற்றி வளையம் வளையமாக வெட்டிக் கரி எடுத்தார்கள். 1940களில் பெரிய துளைப்பான்களை, நம்ம ஊர் தச்சர் மரத்தில் ஓட்டை போடுவது மாதிரி, சுவருக்குள் திருகி கரியை வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். துளைப்பான் உருண்டையாகத்தான் துளைக்கும், அதிக தூரமும் போகாது. அதன் அடுத்த கட்டமாக வந்ததுதான் இன்றைய ஹைவால் இயந்திரம். 1990களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இது பரவியது. இந்தியாவில் 2010-11 வாக்கில் சிங்கரேணி நிறுவனத்தின் ராமகுண்டம் திறந்தவெளிச் சுரங்கத்திலும், மத்தியப் பிரதேசத்தில் சோஹாக்பூர் பகுதியின் ஷார்தா சுரங்கத்திலும் தொடங்கினார்கள்.

இயந்திரம் என்ன செய்கிறது?

சுவரின் அடியில் சமதளமாக்கிய தரையில் ஒரு பெரிய மேடை இயந்திரம் நிற்கும். அதன் முன்பக்கம் வெட்டும் தலை. பற்கள் பதித்த உருளை ஒன்று மேலும் கீழும் அசைந்து கரியைச் சுரண்டும். தலை ஒரு ஆறு மீட்டர் உள்ளே போனதும், அதன் பின்னால் ஒரு நீளமான இரும்புப் பெட்டியை மாட்டுவார்கள். மேடையில் இருக்கும் ஹைட்ராலிக் அமைப்பு அதைத் தள்ளும். இன்னொரு ஆறு மீட்டர் போனதும் இன்னொரு பெட்டி. ரயில் பெட்டி கோப்பது மாதிரிதான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் திருகு வடிவில் ஒரு தண்டு சுழன்று, வெட்டிய கரியைப் பின்னுக்குத் தள்ளி வெளியே கொண்டுவரும். வேறொரு வகை இயந்திரத்தில் திருகுக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த கன்வேயர் பெட்டிகள் வரிசையாக உள்ளே போகும்.

இப்படி ஏறக்குறைய 3 மீட்டர் அகலத்தில், அடுக்கின் உயரத்துக்கு, 300 மீட்டர் வரை ஒரு நீண்ட செவ்வகத் துளை. முடிந்ததும் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே இழுத்து, இயந்திரத்தைப் பக்கத்தில் நகர்த்தி, கொஞ்சம் கரியைச் சுவராக விட்டுவிட்டு அடுத்த துளை. இயக்குபவர் வெளியே அறைக்குள் உட்கார்ந்து கேமராவையும் உணரிகளையும் பார்த்து ஓட்டுகிறார். ஒரு ஷிப்டுக்கு நாலைந்து பேர் போதும்.

துளைக்குள் கம்பமோ, கூரைத் தாங்கியோ, காற்றோட்டக் குழாயோ கிடையாது. ஆள் போகாததால் எதுவும் தேவையில்லை என்பது வாதம். செலவு குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். சிக்கல் எல்லாம் தொடங்குவதும் இங்கேதான்.

அரை மீட்டரின் விலை

இரண்டு துளைகளுக்கு நடுவில் விடும் கரிச் சுவர்தான் மேலே இருக்கும் மொத்தப் பாறையையும் தாங்குகிறது. அதை எவ்வளவு தடிமனாக விடுவது? இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கரி அடுக்கின் உயரம் 2 மீட்டர், துளை அகலம் 3 மீட்டர், மேலே 60 மீட்டர் பாறை என்று எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் பாறை சுமார் இரண்டரை டன். அப்படியானால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 150 டன் சுமை. துளை எதையும் தாங்காது, எனவே அதன் பங்கையும் சுவரே சேர்த்துச் சுமக்க வேண்டும். நடுவில் 2 மீட்டர் சுவர் விட்டால், அது 5 மீட்டர் அகலத்துப் பாறையைத் தாங்குகிறது. சுமை சதுர மீட்டருக்கு 375 டன்.

சுவரின் வலு, அதன் தடிமனுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. குட்டையான தடித்த சுவர் வலுவானது, உயரமான ஒல்லிச் சுவர் பலவீனமானது. அமெரிக்காவில் அதிகம் பயன்படும் மார்க்-பீனியாவ்ஸ்கி சூத்திரத்தில், கரியின் வலுவுக்கு அங்கே வழக்கமாக வைக்கும் மதிப்பைப் போட்டால், இந்தச் சுவர் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 740 டன் தாங்கும். வலுவைச் சுமையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. இங்கே அது கிட்டத்தட்ட 2. நல்ல நிலைமை.

சுவரை ஒன்றரை மீட்டராகக் குறைத்தால்? சுமை 450 ஆகக் கூடும், வலு 660-க்கு இறங்கும். காரணி 1.5-க்கும் சற்றுக் கீழே. ஒரு மீட்டராகக் குறைத்தால் சுமை 600, வலு 570 சொச்சம். காரணி ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. சுவர் நிற்காது.

இப்போது இதே கணக்கை முதலாளியின் பக்கமிருந்து பாருங்கள். 2 மீட்டர் சுவர் விட்டால் 60 சதவீதம் கரி கைக்கு வரும். ஒன்றரை மீட்டர் விட்டால் 67 சதவீதம். அரை மீட்டர் குறைத்தால் ஏழு சதவீதம் கூடுதல் கரி, அதுவும் ஒரு ரூபாய் கூடுதல் முதலீடு இல்லாமல். இந்தச் சபலம் ஒவ்வொரு துளைக்கும் நடுவில் இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலைப்பகுதியில் உள்ளே போகப் போக மேலே பாறையின் உயரம் கூடும். வாயில் 60 மீட்டர் இருந்தது உள்முனையில் 90 மீட்டர் ஆனால், அதே 2 மீட்டர் சுவரின் காரணி 1.3-க்கு வந்துவிடும். வாசலில் நின்று பார்த்துச் சுவரைத் தீர்மானித்தால் உள்ளே அது பொய்யாகும்.

ஒரு சுவர் போனால்

ஒல்லியான கரிச் சுவர் உடையும்போது மெதுவாக அமுங்காது. சட்டென்று நொறுங்கி, தான் சுமந்த பாரத்தைப் பக்கத்துச் சுவர்களின் தலையில் தூக்கிப் போட்டுவிடும். அவையும் அதே அளவு ஒல்லிதான். அவையும் போகும். சீட்டுக்கட்டு வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும். தென் ஆப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் 1960 ஜனவரி 21 அன்று நடந்தது இப்படிப்பட்ட தொடர் சரிவு. அது ஹைவால் அல்ல, ஆட்கள் உள்ளே இருந்த நிலத்தடிச் சுரங்கம். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரித் தூண்களின் வலுவை முறையாகக் கணக்கிடும் ஆராய்ச்சி அங்கே தீவிரமானது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

ஹைவால் முறையில் உள்ளே ஆள் இல்லை. ஆனால் சுவர்கள் வரிசையாகச் சரிந்தால் அவற்றின் மேல் நிற்கும் பாறைச் சுவரும் விரிசல் விடும். அதன் அடியில்தான் இயந்திரமும் நாலைந்து பேரும் நிற்கிறார்கள். துளைக்குள் அடைபட்ட காற்று வேகமாக வெளியே பீறிடுவதும் உண்டு. இதைத் தடுக்க, பத்து இருபது துளைகளுக்கு ஒருமுறை மிகத் தடித்த தடுப்புச் சுவர் ஒன்றை விடுவது வழக்கம். சரிவு தொடங்கினாலும் அதைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. அந்தத் தடுப்பிலும் கரி இருக்கிறது என்பதால் சபலம் அதன்மேலும் உண்டு.

அரை டிகிரி

காகிதத்தில் 2 மீட்டர் சுவர் வரைந்தாயிற்று. இயந்திரம் நேராகப் போக வேண்டுமே? இரண்டு துளைகளும் இணையாக இல்லாமல், ஒன்று வெறும் அரை டிகிரி திரும்பிவிட்டது என்று வைப்போம். 200 மீட்டர் தூரத்தில் அது 1.75 மீட்டர் விலகியிருக்கும். 2 மீட்டர் சுவர் உள்முனையில் ஒரு சாண் தடிமனாகச் சுருங்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

இதனால்தான் விமானங்களில் வைக்கும் ஜைரோஸ்கோப் வகைக் கருவிகள் இந்தத் தொழிலுக்குள் வந்தன. மேலே கீழே வழிதவறாமல் இருக்க காமா கதிர் உணரிகள். பெரும்பாலும் களிமண் பாறை கரியைவிட அதிகக் கதிர் வெளியிடும் என்பதால், மேலே எவ்வளவு கரி மிச்சம் இருக்கிறது என்று ஊகிக்கலாம். பல அடுக்குகளில் வெட்டும்போது மேல் அடுக்கின் சுவரும் கீழ் அடுக்கின் சுவரும் ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக அமைய வேண்டும். கட்டடத்தில் மேல்மாடித் தூண் கீழ்மாடித் தூணின் மேல் நிற்பது மாதிரி.

மீதி ஆபத்துகள்

முதலில், சுவரிலிருந்து விழும் கல். ஆளைக் கொல்ல மொத்தச் சுவரும் சரிய வேண்டியதில்லை, கைப்பிடி அளவுக் கல் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் போதும். மழை நீர் விரிசலுக்குள் இறங்கும், குளிர்நாடுகளில் அந்த நீர் உறைந்து பாறையைப் பிளக்கும். தளர்ந்த கல்லை முன்கூட்டியே தட்டி இறக்குவது, சுவரைப் படிப்படியாக வெட்டுவது, இயக்குபவர் அறைக்கு இரும்புக் கூரை போடுவது, ரேடார் வைத்துச் சுவரின் அசைவைக் கவனிப்பது இவையெல்லாம் இதற்காகத்தான். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் வேலை சுவரைப் பார்ப்பது. எல்லாவற்றிலும் எளிமையான, அதிகம் மீறப்படும் விதி: தேவையில்லாமல் சுவரடியில் நிற்காதே.

இரண்டாவது, மீத்தேன். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் ஒரு பொறி போதும். காற்றோட்டம் இல்லாத துளையில் வெட்டும் பற்கள் மணற்பாறையில் உரசினால் பொறி வரும். நெருப்பு துளை வழியாக வாசலுக்கே வந்துவிடும். தீர்வு கொஞ்சம் விநோதமானது: காற்றை உள்ளே அனுப்புவதற்குப் பதிலாகக் காற்றையே இல்லாமல் செய்வது. நைட்ரஜனோ, எரிந்து ஆக்சிஜன் குறைந்த புகையோ உள்ளே செலுத்துவார்கள். ஆக்சிஜன் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மீத்தேன் வெடிக்காது. மனிதன் நுழையாத சுரங்கத்தில் மட்டுமே செய்யக்கூடிய தந்திரம் இது. அதனாலேயே அந்தத் துளைக்குள் மூச்சு விட முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, பழைய சுரங்கங்கள். முன்னோர் தோண்டிக் கைவிட்ட குகைகளில் தண்ணீரோ நச்சுக்காற்றோ தேங்கியிருக்கும். வரைபடத்தை நம்பி வெட்டிக்கொண்டு போகையில் திடீரென்று அதை உடைத்துவிட்டால் எல்லாம் வெளியே பாயும். 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் க்வீகிரீக் என்ற நிலத்தடிச் சுரங்கத்தில் பக்கத்துப் பழைய சுரங்கத்தின் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. ஒன்பது பேர் மூன்று நாளுக்கு மேல் உள்ளே சிக்கி மீண்டார்கள். பழைய சுரங்கத்தின் கடைசி வரைபடம் கையில் இல்லாததுதான் காரணம். ஹைவாலுக்கும் இதே ஆபத்து உண்டு.

நான்காவது, சிக்கிக்கொண்ட இயந்திரம். கூரை விழுந்தால் பல கோடி ரூபாய் பெறும் வெட்டும் தலை உள்ளே மாட்டிக்கொள்ளும். முழு பலத்தோடு இழுக்கும்போது இணைப்போ வடமோ அறுந்தால் பக்கத்தில் நிற்பவர் கதி அவ்வளவுதான். மேலிருந்து தோண்டி எடுக்கலாம், இல்லாவிட்டால் கைவிடலாம். "கொஞ்ச தூரம்தானே, யாராவது உள்ளே போய் மாட்டிட்டு வந்துடலாமே" என்ற யோசனை மட்டும் வரவே கூடாது.

கடைசியாக, வேலை முடிந்த பிறகு. மூடாமல் விட்ட துளைக்குள் ஆடு மேய்ப்பவரோ, சில்லறைக் கரி பொறுக்குபவரோ நுழையலாம். உள்ளே ஆக்சிஜன் இருக்காது. காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும் கரியும் நம் நாட்டில் நிறைய. எனவே துளையின் வாயை மண் போட்டு அடைப்பது தவிர்க்க முடியாத கடைசி வேலை.

யாருடைய உயிர்?

இதே வடிவத்தை இந்தியாவில் வேறொரு இடத்திலும் பார்க்கலாம். மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் 'எலி வளை' என்று அழைக்கப்படும் சுரங்கங்கள். மெல்லிய கரி அடுக்கு, தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய துளை, தாங்கி இல்லை, காற்றோட்டம் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே வெட்டும் தலை ஒரு மனிதன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் தடை விதித்தது. அப்புறமும் 2018 டிசம்பர் 13 அன்று க்சான் என்ற இடத்தில் தண்ணீர் புகுந்து 15 பேர் உள்ளே சிக்கினார்கள். யாரையும் உயிரோடு மீட்க முடியவில்லை.

அதோடு ஒப்பிட்டால் ஹைவால் இயந்திரம் பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஆபத்தை ஒழிக்கவில்லை, துளைக்குள்ளிருந்து சுவரடிக்கு இடம் மாற்றியிருக்கிறது. முன்பு கூரை விழுமா என்று பார்த்துப் பயந்தவர் அங்கேயே வேலை செய்தவர். இப்போது சுவர் எவ்வளவு தடிமன் என்று தீர்மானிப்பவர் எங்கோ ஒரு அலுவலகத்தில் கணினி முன் இருக்கிறார், அந்த எண்ணின் கீழே நிற்பவர் வேறொருவர், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி.

எனவே ஏதாவது ஒரு நிறுவனம் "எங்கள் சுரங்கத்தில் ஆளே உள்ளே போவதில்லை" என்று பெருமையாகச் சொன்னால், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. துளைகளுக்கு நடுவில் எத்தனை மீட்டர் விடுகிறீர்கள்? உள்முனையிலும் அதே அளவு இருக்கிறதா என்று அளந்தீர்களா? மழை பெய்த மறுநாள் சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேலை வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் அங்கே நிற்கும் தொழிலாளிக்கு உண்டா?