போனில் வரும் பழத்தோட்டம்: படத்தைப் பார்த்துக் கன்று வாங்கலாமா?

விடிவதற்குள் தேவாரம் விழித்துவிடும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் மலைக்குக் கிளம்ப, அடிவாரத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடத் தொடங்கும். வாழைக்குத் தண்ணீர் பாய்கிற அந்த அரை மணி நேரம்தான் விவசாயிக்கு ஓய்வு. வரப்பில் உட்கார்ந்து போனை எடுத்தால், வாட்ஸ்அப்பில் வரிசையாக வந்து விழுகின்றன படங்கள். ரத்தச் சிவப்பில் ஜப்பான் மாம்பழம், கையளவு அவகாடோ, முடி முளைத்த ரம்புட்டான், தொட்டியிலேயே காய்த்துத் தொங்கும் ஆப்பிள். கீழே ஒரு வரி: 'வீட்டுக்கே வந்து சேரும், கூரியர் இலவசம்.'

வாங்கலாமா, வேண்டாமா? தக்காளி விதையில் ஏமாந்தால் ஒரு போகம்தான் போகும். மரக்கன்று அப்படியில்லை. நட்டு, உரம் வைத்து, தண்ணீர் ஊற்றி, நாலைந்து வருடம் காத்திருந்து, முதல் காயைக் கடிக்கும்போதுதான் படத்தில் இருந்தது வேறு, மரத்தில் இருப்பது வேறு என்று தெரியவரும். போன பணத்தைக்கூடச் சம்பாதித்துவிடலாம், போன ஐந்து வருடத்தை எங்கே போய் வாங்குவது?

அதற்காக, படம் பார்த்துக் கன்று வாங்குவதே தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு நர்சரியின் விலைப்பட்டியலை நம்பி வாங்கிய சில கன்றுகள் இந்தியாவில் ஒரு மலைப்பகுதியின் தலையெழுத்தையே மாற்றியிருக்கின்றன.

தபாலில் வந்த ஆப்பிள்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1882-ல் ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்தவர் சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ். 1904-ல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய இந்தியா வந்தவர், சிம்லாவுக்கு அப்பால் கோட்கர் மலைப்பகுதியில் தங்கிவிட்டார். உள்ளூர்ப் பெண்ணை 1912-ல் திருமணம் செய்துகொண்டு, நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்கினார்.

இமாச்சலத்துக்கு ஆப்பிள் அப்போது புதிதல்ல. 1870-லேயே குலு பள்ளத்தாக்கில் ஆங்கிலேயர் ஒருவர் தோட்டம் போட்டிருந்தார். ஆனால், அவை புளிப்பு தூக்கலான இங்கிலாந்து ரகங்கள். நம்மவர்கள் பழம் என்றால் இனிப்பை எதிர்பார்ப்பவர்கள். அதனால் விற்பனை சூடுபிடிக்கவில்லை.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் 'ஸ்டார்க் பிரதர்ஸ்' என்ற நர்சரி, தன் பட்டியலில் ஓர் இனிப்பு ஆப்பிளைப் பிரபலமாக்கியிருந்தது. அதுதான் ரெட் டெலிஷியஸ். 1916-ல் அந்தக் கன்றுகள் சிலவற்றை ஸ்டோக்ஸ் வரவழைத்துத் தன் நிலத்தில் நட்டார். 1921-ல் அவருடைய அம்மா, மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அதே நர்சரியின் கோல்டன் டெலிஷியஸ் கன்றுகளை அனுப்பிவைத்தார்.

அம்மாவின் பரிசுக்கு இன்னொரு பலனும் இருந்தது. ரெட் டெலிஷியஸ் தனியாக நின்றால் சரியாகக் காய்க்காது, வேறு ரக ஆப்பிளின் மகரந்தம் வேண்டும். கோல்டன் டெலிஷியஸ் அதற்குப் பொருத்தமான ஜோடி! அக்கம்பக்கத்து விவசாயிகளும் ஸ்டோக்ஸ் வழியில் நடத் தொடங்க, கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைந்த சரிவுகள் ஆப்பிள் தோட்டங்களாக மாறின. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று, பின்னாளில் சத்தியானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஸ்டோக்ஸ், 1946-ல் மறைந்தார். இன்று இமாச்சலத்தின் பொருளாதாரத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்று ஆப்பிள்.

கூண்டுக்குள் ஒரு மரம்

அந்த நர்சரிக்கு இந்த ரகங்கள் எப்படிக் கிடைத்தன என்பதும் சுவாரஸ்யமானது. அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயியின் தோட்டத்தில், வரிசைக்கு வெளியே தானாக ஓர் ஆப்பிள் செடி முளைத்தது. வெட்டி எறிந்தார். மறுபடி துளிர்த்தது. மறுபடி வெட்டினார். அப்போதும் துளிர்க்கவே, பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார். ஸ்டார்க் நர்சரி 1893-ல் நடத்திய பழப் போட்டிக்கு அந்த மரத்தின் பழத்தை அனுப்பினார். பரிசும் அதற்குத்தான். ஆனால், பெயர்ச் சீட்டு தொலைந்துபோனதால் யார் அனுப்பியது என்றே தெரியவில்லை. நல்ல வேளையாக அவர் மறுபடியும் பழம் அனுப்ப, ஆள் கிடைத்தார். வேண்டாம் என்று இரண்டு முறை வெட்டப்பட்ட அந்தச் செடிதான் ரெட் டெலிஷியஸ்!

கோல்டன் டெலிஷியஸும் தானாக முளைத்ததுதான். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மலைப் பண்ணையில் நின்ற அந்த ஒற்றை மரத்தை, 1914-ல் ஸ்டார்க் நிறுவனம் 5,000 டாலருக்கு வாங்கியது. குச்சியை யாரும் திருடிவிடக் கூடாது என்று மரத்தைச் சுற்றிக் கூண்டே கட்டிவிட்டது. ஏன் அவ்வளவு பாதுகாப்பு? ஒரு குச்சி கிடைத்தால் போதும், ஒட்டுக் கட்டி அதே மரத்தை எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கிவிடலாம்.

விதைக்கும் ஒட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம் ஊர் மா ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டையை ஊன்றினால், தாய் மரத்தின் பழம் அப்படியே வராது. அப்பா அம்மாவைப் போலவே பிள்ளை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே! ஒட்டுக்கன்று, தாய் மரத்தின் அச்சு அசலான நகல். ஆகவே, ரகத்தின் பெயர் சொல்லி விற்கும் மாங்கன்றில் ஒட்டுக் கட்டிய தழும்பு இல்லையென்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

ஜப்பான் மாம்பழத்தின் பாட்டி வீடு

போனில் அதிகம் சுற்றும் படம் 'மியாசாகி' மாம்பழம்தான். கிலோ லட்சக்கணக்கில் விற்கும் என்ற வாசகத்தோடு வரும். உண்மை என்ன? மியாசாகி என்பது ஜப்பானில் ஒரு மாகாணத்தின் பெயர். அங்கே பெரும்பாலும் விளைவது 'இர்வின்' என்ற அமெரிக்க ரகம். பசுமைக் குடிலில் வளர்த்து, ஒவ்வொரு பழத்துக்கும் வலை கட்டி, தானாகப் பழுத்து வலையில் விழும்வரை காத்திருப்பார்கள். அதில் எடையும் நிறமும் இனிப்பும் அளவுகோலைத் தாண்டிய பழங்களுக்கு மட்டும் 'சூரியனின் முட்டை' என்று பொருள்படும் முத்திரை. ஏலத்தில் பெரிய விலை போவது அப்படித் தேர்வான சில ஜோடிப் பழங்கள்தான். ஆக, விலை கன்றில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது.

இந்த இர்வினின் வம்சாவளியைத் தேடிப்போனால் இன்னோர் ஆச்சரியம். இர்வின், புளோரிடாவில் 'லிப்பன்ஸ்' என்ற ரகத்தின் கொட்டையிலிருந்து 1939-ல் முளைக்க வைத்த மரம். லிப்பன்ஸ், 'ஹேடன்' என்ற ரகத்தின் வாரிசு. ஹேடனோ, 1902-ல் 'மல்கோபா' கொட்டையிலிருந்து வளர்க்கப்பட்டது. அந்த மல்கோபா, 1889-ல் இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஒட்டுச்செடி! இங்கிருந்து போன பாட்டியின் பேத்திதான், ஜப்பானில் பட்டுத்துணி உடுத்திக்கொண்டு நமக்கே விற்பனைக்கு வருகிறாள்.

தேவாரத்துக்கு எது ஒத்துவரும்?

புதுப் பழத்தை வரவேற்பதில் தேனி மாவட்டம் எப்போதுமே முன்னால்தான். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையே, 'மஸ்கட் ஹாம்பர்க்' என்ற ஐரோப்பிய ரகம்தான். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்பார்கள். சின்னமனூர்ப் பக்கம் இன்று எங்கு பார்த்தாலும் தெரியும் ஜி9 திசு வாழையும் வெளியூர் விருந்தாளிதான்.

ஏலக்காயும் தாவரவியல்படி பழம்தான். அதிலும் ஒரு கதை உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், கட்டப்பனை அருகே செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைக் கவனித்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதுதான் 'ஞள்ளானி' ஏலம். ஏலமலைத் தோட்டங்களை இன்று பெருமளவு ஆள்வது அந்த ரகம்தான். புது ரகம் எப்போதும் படத்தில்தான் வரும் என்றில்லை, உங்கள் வரப்பிலேயே கவனிப்பாரற்று நின்றுகொண்டிருக்கலாம்.

தேவாரம் விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது உயரம். அடிவாரம் மழை மறைவுப் பகுதி. வெயில் சுள்ளென்று அடிக்கும். வடகிழக்குப் பருவமழைதான் பெரிய ஆதரவு. சாக்குலூத்து மெட்டுக்கு மேலே ஏறினால் பனியும் சாரலும். பறவை பறக்கும் தூரம் கொஞ்சம்தான், ஆனால் மரத்துக்கு அது வேறு உலகம். ரம்புட்டானும் மங்குஸ்தானும் ஈரக்காற்று கேட்பவை, அடிவாரத்து வெயிலில் இலை கருகி நிற்கும். அவகாடோவுக்கு மலைச்சரிவு பிடிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம், கீழ்ப் பழனி மலைக்கு ஏற்ற 'டி.கே.டி-1' ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. மா, சப்போட்டா, புளி, முருங்கை என்றால் வீட்டு வாசலிலேயே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. உலகம் சுற்றும் 'பி.கே.எம்-1' முருங்கையின் பிறந்த வீடு அதுதான்.

வாங்குவதற்கு முன்னால்...

* ஜோடி வேண்டுமா என்று கேளுங்கள். அவகாடோ பூ முதலில் பெண்ணாகவும், பிறகு ஆணாகவும் விரியும். காலையில் பெண்ணாக விரிவது 'ஏ' வகை, பிற்பகலில் பெண்ணாக விரிவது 'பி' வகை. இரண்டும் அருகருகே இருந்தால் காய்ப்பு கூடும். விதைக்கன்றாக வாங்கும் ஜாதிக்காயும் ரம்புட்டானும் ஆண் மரமாகவே போய்விடலாம். அது பூக்கும், காய்க்காது.

* ஒட்டைத் தடவிப் பாருங்கள். ஒட்டுப் பகுதி நன்றாகக் கூடியிருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளையை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால், வேர்ச்செடி ஓங்கி வளர்ந்து, ஒட்டிய ரகம் செத்துவிடும். 'மாறிப்போய்க் காய்க்கிறது' என்ற புகார் சிலவற்றுக்கு இதுதான் காரணம்.

* பயணத்தை யோசியுங்கள். ஆப்பிள், பிளம்ஸ் போன்ற குளிர்பிரதேச மரங்கள் இலை உதிர்த்துத் தூங்கும் காலத்தில், மண்ணே இல்லாமல் வேரை ஈரப்பாசியில் சுற்றி வாரக்கணக்கில் அனுப்பலாம். தபால் நர்சரிகள் அங்கே செழித்ததன் ரகசியம் அதுதான். மாவும் சப்போட்டாவும் வருடம் முழுக்க இலையோடு இருப்பவை. மண் உடைந்தால் வேர் அறுந்துவிடும். முடிந்தவரை நேரில் போய் எடுப்பதே நல்லது.

* ரசீதில் ரகப் பெயர் இருக்கட்டும். உரிமம் உள்ள நர்சரியா, தேசிய தோட்டக்கலை வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். 'மாங்கன்று 10' என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் கழித்து யாரிடமும் நியாயம் கேட்க முடியாது.

* வெளிநாட்டுக் கன்று என்றால் ஜாக்கிரதை. இறக்குமதி அனுமதியும் நோய்ப் பரிசோதனையும் இல்லாமல் செடியைத் தருவிப்பது சட்டப்படி குற்றம். ஸ்டோக்ஸ் காலத்து நிலைமை இப்போது இல்லை.

* ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். ஏலத்தில் கட்டே நோய், நோயுள்ள கிழங்கோடும் புதுத் தோட்டத்துக்குள் நுழையும். பழக்கன்றுக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். தோட்டத்துக்கு வெளியே தனியாக வைத்துப் பூச்சி, நோய் இல்லையென்று பார்த்த பிறகு நடுங்கள்.

ஒரு கிளை போதும்!

ஆசையையும் விட வேண்டாம், ஏமாறவும் வேண்டாம் என்றால் என்ன வழி? நம் தாத்தாக்கள் நட்ட மரங்களிலேயே அது இருக்கிறது. போடி, தேவாரம் பக்கம் காசா லட்டு, கல்லாமை என்று வயதான மாமரங்கள் நிற்கின்றன. அதில் ஒரு கிளையை வெட்டி, வரும் புதுத் துளிரில் நீங்கள் ஆசைப்படும் ரகத்தின் குச்சியை ஒட்டுங்கள். கன்றை அனுப்புவதைவிடக் குச்சியை அனுப்புவது எளிது. ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சில நாள் தாங்கும். பெரிய மரத்தின் வேர் பலம் இருப்பதால், இரண்டு மூன்று வருடத்திலேயே காய் பார்த்துவிடலாம்.

பழம் பிடித்திருந்தால், அதே கிளையிலிருந்து குச்சி எடுத்து, தேவையான அளவு கன்றுகளை உருவாக்கிக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா? போவது ஒரு கிளைதான். மீதி மரம் அடுத்த கோடையிலும் வழக்கம்போல காசா லட்டு கொடுக்கும்.