காலிக் கடையும் இறங்காத வாடகையும்: ஹோ சி மின் நகரச் சில்லறை வணிக மனைச் சந்தையில் நில உரிமையின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் தெருமுகப்புக் கடைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தாலும் உரிமையாளர் கேட்கும் வாடகை எளிதில் இறங்குவதில்லை. வணிக வளாகங்களில் இடம் காலியானால் நிர்வாகம் விரைந்து பேச்சுக்கு வருகிறது. ஒரே நகரத்தில் காணப்படும் இவ்வேறுபாட்டிற்கு நிலத்தை வைத்திருக்கும் முறையும், வாடகை வராத காலத்தில் அதற்காகச் செலுத்த வேண்டிய தொகையுமே முதன்மைக் காரணங்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஹோ சி மின் நகரம், சில்லறை வணிகம், தெருமுகப்பு வீடு, நிலப் பயன்பாட்டு உரிமை, வாடகை.

முன்னுரை

2019ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹோ சி மின் நகரத்தில் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் வாழ்ந்தனர். அந்நகரத்து வணிக வளாகங்களின் வாடகைப் பரப்பு 10 இலட்சம் சதுர மீட்டரைச் சிறிதே கடந்தது எனக் கொண்டால், ஒருவருக்கு ஒரு சதுர மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்களவே கிடைக்கும். இத்தனை பெரிய நகரம் இத்தனை சிறிய பரப்பில் தன் கொள்முதலை முடித்துக்கொள்வதில்லை. பெரும்பகுதி வணிகம் தெருவை நோக்கிய வீட்டின் கீழ்த்தளத்திலும் அங்காடிகளிலும் நடைபெறுகிறது. எனினும் பன்னாட்டு மனை ஆலோசனை நிறுவனங்கள் காலாண்டுதோறும் வெளியிடும் காலியிட விழுக்காடு பெரும்பாலும் வளாகங்களையே அளக்கிறது. அவ்வெண்ணை நகரம் முழுமைக்கும் உரியதாக ஆய்வாளர் மேற்கோள் காட்டுவது பொருந்தாது.

இருவகை நில உரிமை

வியட்நாமில் நிலம் மக்கள் அனைவருக்கும் உரியது. அதனை அரசு நிர்வகிக்கிறது. 2013ஆம் ஆண்டு அரசமைப்பும், 2024 ஆகஸ்டு 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய நிலச் சட்டமும் இந்நிலையையே உறுதிப்படுத்துகின்றன. தனியார் பெறுவது நிலப் பயன்பாட்டு உரிமை மட்டுமே. ஆனால் அவ்வுரிமை அனைவருக்கும் ஒரே தன்மையுடையதன்று. குடியிருப்பு நிலம் வைத்திருக்கும் குடும்பத்திற்குக் கால வரம்பு இல்லை. விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். வணிகத் திட்டத்திற்காக நிலம் பெறும் நிறுவனத்திற்குப் பொதுவாக 50 ஆண்டுகள், சிறப்பு நேர்வுகளில் 70 ஆண்டுகள் எனக் குத்தகைக் காலம் வரையறுக்கப்படுகிறது.

தெருமுகப்புக் கடை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. மூன்று முதல் ஐந்து மீட்டர் அகலமும் அதைப்போல் பல மடங்கு ஆழமும் கொண்ட இவ்வீடுகளை வியட்நாமியர் ‘குழாய் வீடு’ என்பர். கீழே கடையும் மேலே குடும்பமும் இருப்பது பழைய அமைப்பு. 1986இல் தொடங்கிய தோய் மோய் சீர்திருத்தம் தனியார் வணிகத்திற்கு வழிவிட்டது. 1994ஆம் ஆண்டின் 61ஆம் ஆணை, அரசு வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்தோர் அவற்றைத் தாமே வாங்கிக்கொள்ள இடமளித்தது. நகரின் நடுப்பகுதியில் இன்று கடையாக விளங்கும் வீடுகள் பலவற்றில் உரிமையாளர் கையில் கடன் சுமை இல்லாதிருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம் எனலாம்.

காத்திருப்பின் விலை

வீட்டுக்காரர் கடையைப் பூட்டி வைத்துக் காத்திருக்க எவ்வளவு செலவாகிறது? வேளாண்மை அல்லாத நிலத்திற்கான ஆண்டு வரி, உச்சவரம்பிற்குட்பட்ட பரப்பிற்கு 0.03 விழுக்காடு மட்டுமே. அதுவும் சந்தை விலைமீது கணக்கிடப்படுவதில்லை, அரசின் நிலவிலைப் பட்டியலின்மீதே கணக்கிடப்படுகிறது. டொங் கொய், நுயென் ஹுவே, லே லொய் ஆகிய முதன்மைச் சாலைகளுக்கு அப்பட்டியலில் நெடுங்காலம் இருந்த விலை, சதுர மீட்டருக்கு 16.2 கோடி டொங். 2024 அக்டோபர் இறுதியில் வெளியான திருத்தப் பட்டியல் அதனை 68.72 கோடி டொங்காக உயர்த்தியது.

நான்கு மீட்டர் அகலமும் இருபது மீட்டர் ஆழமும் உள்ள, 80 சதுர மீட்டர் மனையொன்றை எடுத்துக்கொள்வோம். பழைய விலையில் அதன் ஆண்டு வரி ஏறத்தாழ 39 இலட்சம் டொங், அதாவது சுமார் 150 அமெரிக்க டாலர். புதிய விலையை அப்படியே பொருத்தினாலும் 1 கோடியே 65 இலட்சம் டொங். 650 டாலர் அளவு. வரிக்குரிய விலை ஐந்தாண்டுச் சுழற்சிக்கு நிலையாக இருப்பதால் இவ்வுயர்வும் உடனே வந்து சேர்வதில்லை. இச்சாலைகளில் ஒரு மாத வாடகையே ஆயிரக்கணக்கான டாலரில் பேசப்படுவதோடு ஒப்பிட்டால், ஓராண்டு பூட்டி வைப்பதற்கான வரி சில நாள் வாடகைக்குள் அடங்கிவிடுகிறது.

வாடகையை இழப்பதும் இழப்புத்தானே என ஒருவர் வினவலாம். உண்மைதான். ஆயின் வீட்டுக்காரரின் கணக்கில் வாடகை இரண்டாம் இடத்தையே பெறுகிறது. மனையின் விலை உயர்வே முதல் வருவாய். வாடகையைக் குறைத்து ஒப்பந்தம் எழுதினால், மனையை விற்கும்போது வாங்குபவர் அவ்வாடகையைக் காட்டியே விலை பேசுவார். எனவே குறைந்த வாடகையைவிடக் காலிக் கடையே அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. நிலத்தைச் சேமிப்பாகக் கருதும் இம்மனப்பாங்கு தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக்காலச் சைகோனில் சொத்தை ஈடாகக் கொண்டு கடன் வழங்கிய நகரத்தார், தோன் தட் தியெப் தெருவில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் அங்கே உள்ளது.

வளாகத்தின் கணக்கு

வளாக நிறுவனத்தின் நிலை வேறு. நிலக் குத்தகைக்கு முடிவுநாள் உண்டு. வங்கி வட்டி, குளிரூட்டல், காவல், துப்புரவு ஆகியவை காலியிடத்திற்காக நிற்பதில்லை. காலித் தளம் பக்கத்துக் கடையின் வாடிக்கையாளர் வரவையும் குறைக்கும். ஆகவே பேரங்காடி, திரையரங்கு போன்ற கூட்டம் சேர்க்கும் பெரிய வாடகைதாரர்க்குக் குறைந்த வாடகையும், அக்கூட்டத்தால் பயன்பெறும் சிறு கடைகளுக்கு உயர்ந்த வாடகையும் விதிக்கப்படுகின்றன. நிலையான தொகை, விற்பனையில் ஒரு பங்கு ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதனைப் பெறும் ஒப்பந்தமும் வழக்கில் உண்டு. விற்பனை குறைந்தால் நிர்வாகத்தின் வரவும் குறையும். தெருமுகப்பு வீட்டுக்காரர் இத்தகைய பங்காளியாவதில்லை.

வெளிநாட்டு நிறுவனங்களை வளாகத்தின் பக்கம் திருப்பியதில் சட்டத்திற்கும் பங்குண்டு. 2009 முதல் முழு வெளிநாட்டு உரிமையுள்ள சில்லறை நிறுவனங்களுக்கு இசைவு கிடைத்தபோதும், இரண்டாம் கடை முதல் பொருளாதாரத் தேவைச் சோதனை என்னும் தனி இசைவு வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டின் 9ஆம் ஆணை, 500 சதுர மீட்டருக்குக் குறைந்து, வணிக வளாகத்திற்குள் அமைந்து, சிறு பேரங்காடி வகையில் சேராத கடைகளுக்கு இதிலிருந்து விலக்களித்தது. தெருவில் வாடகைக்கு எடுக்கும் கடைக்கு அவ்விலக்கு இல்லை. பசிபிக் வட்டார வணிக உடன்படிக்கை நாடுகளைச் சேர்ந்த நிறுவனங்களுக்கு 2024 ஜனவரி 14 முதல் இச்சோதனையே நீங்கிவிட்டதால், இச்சாய்வு இனித் தளரக்கூடும்.

வளாகமாயினும் இடையில் நிற்பவர் தாங்குவது கடினம் என்பதற்குப் பார்க்சன் சான்று. 2005இல் வந்த இம்மலேசிய நிறுவனம் பெரும்பாலும் குத்தகைக் கட்டடங்களில் பல்பொருள் அங்காடி நடத்தியது. 2019 டிசம்பரில் யுனிக்லோ தன் முதல் வியட்நாம் கடையை லே தான் தோன் சாலைப் பார்க்சன் கட்டடத்திலேயே திறந்தது. 2023இல் பார்க்சன் வியட்நாம் திவால் மனுவை நாடியது.

மெட்ரோவும் வாடகைதாரரும்

லே லொய் சாலையில் முதல் மெட்ரோ தடத்தின் பணிக்காக 2014 முதல் 2022 வரை கட்டங்கட்டமாகத் தடுப்புகள் நின்றன. அக்காலத்தில் பல கடைகள் மூடப்பட்டன, வாடகைதாரர் மாறினர், மனையோ பெரும்பாலும் பழைய கைகளிலேயே இருந்தது. பென் தான் முதல் சுவோய் தியென் வரை 19.7 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் 2024 டிசம்பர் 22 அன்று திறக்கப்பட்டபின் உயரும் மனை மதிப்பு அவர்களுக்கே உரியது. எட்டாண்டு இழப்பைத் தாங்கிய கடைக்காரர்க்கு அதில் பங்கு கேட்க ஒப்பந்தத்தில் இடமில்லை.

அண்மை வரிச் சீர்திருத்தமும் இச்சமனின்மையைத் தொடவில்லை. ஆண்டுக்கு 100 கோடி டொங் விற்பனையுள்ள குடும்ப வணிகர், 2025 ஜூன் முதல் கல்லாப் பொறியோடு இணைந்த மின்ரசீது தர வேண்டியதாயிற்று. 2026 ஜனவரி முதல் மொத்தவரி முறையும் நீக்கப்படும் என முடிவாயிற்று. விற்பனை ஒவ்வொன்றும் இப்போது பதிவாகிறது. பூட்டிய கடைக்கோ பதிவும் இல்லை, அதற்கெனத் தனி வரியும் இல்லை. வாடகை வருவாய்க்குரிய வரியைக்கூட ஒப்பந்தத்தின் வழியே வாடகைதாரர் தலையில் ஏற்றுவது வழக்கமாகவே உள்ளது.