மூலக்கூறுகளின் ஊர்கள் – 9: மான்ட்ரியலின் இடக்கை மருந்து

1989 ஜூன் 4. மான்ட்ரியல் மாநாட்டு மாளிகையில் ஐந்தாவது சர்வதேச எய்ட்ஸ் மாநாடு தொடங்க வேண்டிய நேரம். பதாகைகளோடு ஒரு பெருங்கூட்டம் உள்ளே புகுந்து மேடையைப் பிடித்துக்கொண்டது. நியூயார்க்கின் ‘ஆக்ட் அப்’, டொரான்டோவின் ‘எய்ட்ஸ் ஆக்‌ஷன் நவ்’ அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். கனடாவிலும் உலகெங்கிலும் எய்ட்ஸோடு வாழ்பவர்கள் சார்பில் மாநாட்டைத் தொடங்கிவைப்பதாக டிம் மெக்காஸ்கல் என்ற செயற்பாட்டாளர் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. எய்ட்ஸ் வைரஸுக்கு எதிராக அன்றைக்குக் கைவசம் இருந்த அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஏ.இசட்.டி. ஒன்றுதான். அதன் விலையும் பக்கவிளைவும் எப்படிப்பட்டவை என்பதைக் கடந்த வாரம் பார்த்தோம்.

அதே மாநாட்டில், எந்த ஆரவாரமும் இல்லாமல், உள்ளூர் வேதியியலாளர் ஒருவரின் குழு புதிய சேர்மம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பெர்னார்ட் பெல்லோவின் குழு அது. பிரான்செஸ்கோ பெல்லினி, ஜெர்வே டியோன் ஆகியோருடன் சேர்ந்து 1986-இல் அவர் தொடங்கிய சிறு நிறுவனம்தான் பின்னாளில் ‘பயோகெம் ஃபார்மா’ என்று பெயர் பெற்றது. அவருடன் உழைத்தவர்களில் வியட்நாமியரான ங்யே ங்குயென்-பா முக்கியமானவர். சேர்மத்தை ஆய்வகத்தில் வைரஸோடு மோதவிட்டுப் பார்த்தவர் யூத பொது மருத்துவமனையின் மார்க் வெயின்பெர்க். பின்னாளில் ‘3டிசி’ என்றும் ‘லாமிவுடின்’ என்றும் உலகம் அறிந்த மருந்து இப்படித்தான் வெளியே வந்தது.

பெல்லோ செய்தது என்ன? எச்.ஐ.வி. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதித்தான் நம் உயிரணுவுக்குள் குடியேறுகிறது. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போவது ‘ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்’ என்ற நொதி. ஒவ்வொரு எழுத்திலும் ஒரு சர்க்கரை வளையம் உண்டு. அதன் மூன்றாம் எண் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியில்தான் அடுத்த எழுத்து வந்து இணையும். அந்தத் தொகுதி இல்லாத போலி எழுத்தைக் கொடுத்துவிட்டால் சங்கிலி அத்தோடு நின்றுபோகும். ஏ.இசட்.டி.யும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெல்லோ ஒரு படி மேலே போனார். அந்த மூன்றாம் எண் கார்பனையே எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு கந்தக அணுவை வைத்தார். காகிதத்தில் பார்த்தால் அற்பமான மாற்றம்தான்.

ஆனால் இதன் சுவாரசியமே இனிமேல்தான். இத்தகைய சேர்மத்தை ஆய்வகத்தில் சாதாரணமாகத் தயாரித்தால் வலக்கை, இடக்கைபோல ஒன்றுக்கொன்று பிம்பமான இரண்டு வடிவங்கள் சரிபாதியாகக் கிடைக்கும். இயற்கை நம் டி.என்.ஏ.வில் வைத்திருப்பது ‘டி’ வகைச் சர்க்கரையை மட்டுமே. எனவே மருந்தாக வேலை செய்யக்கூடியதும் ‘டி’ வடிவம்தான், ‘எல்’ வடிவம் வெறும் குப்பை என்றே பாடப்புத்தகம் படித்த எவரும் எதிர்பார்ப்பார். இரண்டையும் பிரித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழானது. ‘எல்’ வடிவமும் வைரஸை அடித்தது. உயிரணுக்களுக்கு அது செய்த கேடோ மிகக் குறைவு. வைரஸின் நொதி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் கவனக்குறைவான எழுத்தர். மனித உயிரணுவில் டி.என்.ஏ.வை எழுதும் நொதிகள் இந்த விஷயத்தில் கறார். பிம்பச் சர்க்கரையை அவை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. வைரஸின் இந்த அலட்சியம்தான் மருந்தின் பாதுகாப்பு ஆயிற்று. குப்பை என்று ஒதுக்கியிருக்க வேண்டிய பாதியே லாமிவுடின்.

பெல்லோ இதையெல்லாம் பார்க்கவில்லை. மாநாடு முடிந்து மூன்று மாதத்தில், 1989 செப்டம்பரில் காலமானார். 1995 நவம்பரில் லாமிவுடினை ஏ.இசட்.டி.யுடன் சேர்த்துத் தர அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்குள் உரிமத்தை கிளாக்சோ வாங்கியிருந்தது. 2001-இல் பயோகெம் நிறுவனமே பிரிட்டனின் ‘ஷயர்’ கைக்குப் போனது. (அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் இதே மூலக்கூறில் ஒரு ஃபுளோரின் அணுவைச் சேர்த்து எம்ட்ரிசிடபின் செய்தார்கள். அதையொட்டிய காப்புரிமைச் சண்டைகள் தனித் தொடராகவே எழுதத் தகும்.)

இந்தக் கதையில் நம்மூர் எங்கே வருகிறது? 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். அடுத்த பல ஆண்டுகளுக்கு நோயாளிகள் அடைக்கலம் தேடிப் போன இடம் தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய அதே மருத்துவமனை. மருந்து உலகில் இருந்தது; தாம்பரத்தின் வராண்டாவில் படுத்திருந்தவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஓராண்டுக்கு 10,000 டாலருக்கு மேல்.

அதை உடைத்தது ஒரு சட்டமும் ஒரு பிடிவாதக்காரரும். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. 2001 பிப்ரவரியில் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுஃப் ஹமீது, ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றையும் கொண்ட சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பிடம் சொன்னார். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. தொடக்கக் கூட்டுமருந்துகளில் லாமிவுடின் நிலையாக இடம்பெற்றது. இன்றும் டெனோஃபோவிர், டோலுடெகிராவிரோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக அது உலகெங்கும் விழுங்கப்படுகிறது.

இங்கேயே கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

லாமிவுடினில் ஏறத்தாழ 70 சதவீதம் உடலுக்குள் எந்த மாற்றமும் அடையாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. நோயாளிக்கு அது நல்லது. கல்லீரலுக்கு வேலை குறைவு. சாக்கடைக்கு அப்படியில்லை. கென்யாவின் நைரோபி ஆற்றுப் படுகையில் இதே மருந்தை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

லாமிவுடின் பிறந்த ஊரின் ஆறும் மருந்து எச்சங்களுக்குத் தப்பவில்லை. மான்ட்ரியல் தீவின் கழிவுநீர் கிழக்கு முனையிலுள்ள ழான்-ஆர்.-மார்கோட் நிலையத்துக்குப் போய், வேதிப்பொருள் கலந்து வண்டல் பிரித்த பிறகு செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் விழுகிறது. கரைந்திருக்கும் மருந்துக்கு இதெல்லாம் பெரிய தடை இல்லை. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் செபாஸ்தியன் சோவே பங்கேற்ற 2011 ஆய்வு ஒன்றில், இந்தக் கழிவுநீரில் வளர்க்கப்பட்ட புரூக் டிரவுட் மீன்களின் கல்லீரலிலும் மூளையிலும் மனச்சோர்வு மருந்துகள் இருந்தன. ஓசோன் செலுத்திச் சுத்திகரிப்போம் என்ற மாநகராட்சியின் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. இடையில் 2015 நவம்பரில், பராமரிப்புப் பணிக்காக, 490 கோடி லிட்டர் கழிவுநீரை அப்படியே ஆற்றில் திறந்துவிட்டு நகரம் உலகச் செய்தியில் இடம்பிடித்தது.

தயாரிக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். மருந்துத் தயாரிப்பில் செலவாகும் பொருள்களில் பெரும்பங்கு மூலப்பொருள் அல்ல, கரைப்பான். மெக்கிலில் இதைக் குறிவைத்தவர் சாவ்-ஜுன் லி. கரிம வேதியியல் மாணவர்கள் தண்ணீரைப் பகையாக நினைத்துக் குடுவையை உலர்த்திக்கொண்டிருந்த காலத்தில், தன் ஆசிரியர் டாக்-ஹாங் சானோடு சேர்ந்து, கார்பன்-கார்பன் பிணைப்பைத் தண்ணீரிலேயே உண்டாக்கிக் காட்டியவர். அதே துறையின் ஆட்ரி மூர்ஸ், இறால், நண்டு ஓடுகளிலிருந்து கைட்டோசான் எடுக்கக் குறைந்த கழிவுள்ள வழியைத் தேடுகிறார். இறால் பதப்படுத்தும் தூத்துக்குடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய வேலை.

நம் பக்கம் பார்த்தால், மருந்தாலைகள் நிறைந்த ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், ஆலைக் கழிவுகளைச் சுத்திகரித்து வெளிவிடும் நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டார்கள். சிகிச்சையின்போது நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. 2020 ஜனவரியில் ஆலைக்கழிவில் ஆன்டிபயாடிக் எச்சங்களுக்கு வரம்பு கட்டும் வரைவு விதியை மத்திய அரசு வெளியிட்டது. 2021-இல் இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. விலையை உடைத்த தேசம் தண்ணீர்க் கணக்கைத் தள்ளிப்போட்டிருக்கிறது. மலிவு மருந்துக்கு இது தவிர்க்க முடியாத விலை என்பது ஆலைக்காரர்களின் வாதம். கரைப்பானைக் குறைத்தால் செலவும் குறையும் என்பதை அந்த வாதம் சௌகரியமாக மறந்துவிடுகிறது.

அரசு விதி வரும்போது வரட்டும். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் மருந்துக்கடைகளே அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. உங்கள் தெரு மருந்துக்கடைக்காரரிடமும், உங்கள் மாநகராட்சி உறுப்பினரிடமும் இந்த ஏற்பாட்டைக் கேளுங்கள்.

(தொடரும்)