குடியரசா? ஜனநாயகமா?

நம் நாட்டைக் குடியரசு என்று சொல்வது பொருத்தமா, ஜனநாயக நாடு என்று சொல்வது பொருத்தமா என்னும் வினா படிப்பகங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் அவ்வப்போது எழுவதுண்டு. இரண்டும் ஒன்றே என்று கூறிப் பேச்சை முடித்துவிடுவோர் பலர். தறியாலும் ஏராலும் பிழைத்து, கூட்டுறவால் தலை நிமிர்ந்த நமக்கு அவ்விடை போதாது.

குடியரசு என்றால், நாட்டின் தலைமை பிறப்புரிமையாக எவருக்கும் வாய்ப்பதில்லை, நாடு குடிமக்கள் அனைவருக்கும் பொது என்பது பொருள். ஜனநாயகமோ, அப்பொதுச் சொத்தை நிர்வகிப்போரை மக்களே தேர்ந்தெடுத்து, கணக்குக் கேட்டு, வேண்டாதபோது நீக்கும் முறை. முன்னது உடைமையைப் பற்றியது. பின்னது நடத்துதலைப் பற்றியது. பட்டா ஒருவர் பெயரில் இருப்பதும் அந்நிலத்தில் உழவு நடப்பதும் வெவ்வேறு என்பதை அவிநாசி வட்டாரத்துக் குடியானவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றிருந்து மற்றொன்று இல்லாமற் போவதும் உண்டு. இங்கிலாந்திலும் ஜப்பானிலும் இன்றும் முடியுண்டு. ஆயினும் ஆள்வது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே. பாகிஸ்தான் 1956 மார்ச் 23இல் குடியரசாயிற்று. 1958 அக்டோபரில் அங்கே இராணுவச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் வயது வந்தோர் நேரடியாக வாக்களித்த முதற் பொதுத்தேர்தலை அம்மக்கள் 1970 டிசம்பரில்தான் கண்டார்கள்.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் இந்தச் சொல்லாராய்ச்சி நடந்தது. 1946 டிசம்பர் 13இல் ஜவஹர்லால் நேரு கொணர்ந்த குறிக்கோள் தீர்மானத்தில் 'சுதந்திரமும் இறைமையும் உள்ள குடியரசு' என்ற கருத்தே இருந்தது. ஜனநாயகம் என்னும் சொல் இல்லை. குடியரசு என்பதிலேயே அது அடங்கிவிடுகிறது என்பது நேருவின் விளக்கம். 1948 பிப்ரவரியில் டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு வேறு வழி சென்றது. இறைமை என்றாலே சுதந்திரம் உண்டு என்று கொண்டு, சுதந்திரம் என்ற சொல்லை விலக்கி, ஜனநாயகம் என்ற சொல்லைச் சேர்த்தது. 1949 நவம்பர் 26இல் சபை ஏற்ற முகவுரையில் 'இறைமையுள்ள ஜனநாயகக் குடியரசு' என்று நிலைபெற்றது. நேருவின் வாதம் தர்க்கத்துக்குப் பொருந்தும். வரைவுக் குழுவின் முன்யோசனையே பின்வந்த அனுபவத்துக்குப் பொருந்தியது.

அச்சபையில் கோயமுத்தூரின் கூட்டுறவாளர் தி. அ. இராமலிங்கம் செட்டியாரும் அமர்ந்திருந்தார் என்பது நமக்குப் பெருமை. எனினும் மாகாணங்களின் சார்பில் வந்த அங்கத்தினரை மாகாணச் சட்டசபைகளே அனுப்பின. அச்சட்டசபைகளுக்கு வாக்களித்தோர், 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து, வரி, கல்வி முதலிய தகுதி உடையோர் மட்டுமே. எழுத்தறியாத ஏழை நெசவாளியர் பெரும்பாலோர்க்கு அதில் இடமில்லை. 1950 ஜனவரி 26இல் நாடு குடியரசாயிற்று. வயது வந்த அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில்தான் நிறைவுற்றது. பட்டா முதலில் கிடைத்தது. ஏர் பூட்டியது பிறகே. அச்சொல்லோ கொங்கு நாட்டுக்கு அதற்கும் முன்பே பழகியது. ஈரோட்டில் பெரியார் ஈ. வெ. ராமசாமி 'குடி அரசு' வார இதழைத் தொடங்கியது 1925 மே 2இல்.

இங்கே உத்திரமேரூரைக் காட்டிப் பழம்பெருமை பேசுவோர் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு குடவோலை முறையை விவரிப்பது உண்மையே. ஆனால் ஆண்டவன் அரசன். ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். அதைக் குடியரசு என்பது மிகை. ஜனநாயகம் என்பதும் பாதிதான். நான் அதில் வியப்பது வேறொன்று: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வரலாகாது என்ற விதி! நம் சங்கங்களின் துணைவிதிகளில் இதைவிடக் கடுமையானது எது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நாட்டில் நெருக்கடி நிலை. அந்நாட்களில் இந்தியா ஒரு நாளும் குடியரசாக இல்லாமற் போகவில்லை. ஜனாதிபதி இருந்தார், குடியரசு தினம் கொண்டாடப்பட்டது. ஆனால் 1976இல் நடக்க வேண்டிய பொதுத்தேர்தல் தள்ளிப் போடப்பட்டது. எதிர்த்தோர் சிறையில் இருந்தனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. 1976 ஜனவரி 31இல் தமிழக மந்திரிசபை நீக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி வந்தது. அவ்வாண்டிலேயே கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தனி அதிகாரிகளை நியமிக்கும் சட்டமும் பிறந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் விலகின.

அப்போது சங்கம் யாருடையது? அங்கத்தினருடையதே. பங்குத்தொகையை எவரும் பறிக்கவில்லை, பெயர்ப்பலகையும் மாறவில்லை. ஆனால் நூல் கொள்முதலும் கடன் மனுவும் ஓர் அதிகாரியின் கையொப்பத்துக்குக் காத்திருந்தன. பங்கு பத்தாயினும் ஒன்றாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற நம் விதி உறங்கிக் கிடந்தது. தனி அதிகாரிகள் எல்லோரும் தீயவரல்லர், நிர்வாகக் குழுவினர் எல்லோரும் உத்தமரும் அல்லர், அதுவன்று வழக்கு. பிடிக்காத குழுவை மாற்ற அங்கத்தினருக்கு வழியுண்டு, பிடிக்காத அதிகாரியை மாற்ற வழியில்லை. 1977 மார்ச்சில் நாட்டு மக்கள் தேர்தலில் ஆட்சியை மாற்றினார்கள். தனி அதிகாரி முறையோ அதன் பின்னரும் நம் சங்கங்களுக்குப் பலமுறை திரும்பி வந்தது.

ஆகவே, நாட்டின் பெயர் யாது என்று கேட்டால் குடியரசு என்பேன். அது எளிதில் பொய்க்காது. நாட்டின் நடப்பு யாது என்று கேட்டால், ஜனநாயகம் என்று சொல்லுமுன் அவ்வாண்டு என்ன நடந்தது என்று பார்த்தே சொல்ல வேண்டும்.

அத்திக்கடவு நீர் இதற்குச் சான்று. குடியரசு பிறந்து பல்லாண்டுகளாக நம் வறண்ட குளங்கள் நீருக்குக் காத்திருந்தன. தேர்தல்தோறும் வாக்குறுதி வந்தது, நீர் வரவில்லை. ஊர்கூடிக் கேட்டார்கள், 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாநோன்பு இருந்தார்கள். பவானி ஆற்றின் உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம் 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கிவைக்கப்பட்டது. தம் ஊர்க் குளத்துக்கு எவ்வளவு நீர் வந்தது என்பதை, ஜனவரி 26இல் ஊராட்சிதோறும் கூடும் கிராம சபையில் எழுந்து நின்று எவரும் கேட்கலாம்.