புழுங்கல் அரிசியை ஏளனம் செய்யாதீர்!

புழுங்கல் சோறு என்றால் நம் பிள்ளைகள் மூஞ்சியைச் சுளிக்கிறார்கள் அல்லவா? இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1907ஆம் ஆண்டு. நம் மலாக்காவுக்குப் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில் ரோடு போட ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இருந்தனர். அந்நாளில் பெரிபெரி நோய் மலாயாவில் ஆளை அள்ளிக்கொண்டு போனது. கால் மரத்து, வீங்கி, கடைசியில் இருதயம் நின்றுவிடும். புழுங்கல் சாப்பிட்ட நம் தமிழ்த் தொழிலாளர்களை மட்டும் அது அதிகம் தொடவில்லை. ஏன்?

டாக்டர்கள் பிரேசரும் ஸ்டாண்டனும் அந்தத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்தார்கள். சில மாதத்தில் வெள்ளை அரிசிக்காரர்களுக்கு நோய் கண்டது. அரிசியை மாற்றினார்கள்; நோயும் பக்கம் மாறியது. (கூலிக்காரன் உடம்புதான் கிடைத்ததா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்!)

நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வெள்ளை அரிசியில் அது தவிட்டோடு போய்விடும்.

வெள்ளை அரிசிதான் வாங்குகிறீர்களா? நாலைந்து தடவை கழுவாதீர்கள். பருப்பு, பயறு, நிலக்கடலை சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் குடிக்கும் அண்ணன்மார்களே, மது இந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. கால் மரத்துப்போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் கிளினிக்குக்குப் போங்கள். இனிப்புநீராகவும் இருக்கலாம்.